தூண்டில் நரம்பின் தருமம்

கடலில் விளையாட்டாகத் தூண்டில் போடுகிறவர் முதலில் முடிவு செய்யவேண்டியது நரம்பின் வலிமையை. எத்தனை பவுண்டு இழுவைக்குத் தாங்கவேண்டும்? நைலான் தங்கூசியா, பின்னிய நரம்பா, ஃபுளோரோகார்பனா? கடையில் நிற்கும்போது இது பொருளைப் பற்றிய கேள்வி மட்டுமே. ஆனால் அதற்குள் வேறு மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகப் பிடிக்கும் ஓர் உயிரோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டலாம்? அது தப்பிப்பதற்கு எவ்வளவு வழி விடவேண்டும்? நரம்பை அறுத்துக்கொண்டு போன மீனுக்கு யார் பொறுப்பு? நூறாண்டுக்கு மேலாக இவற்றுக்கு இரண்டு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. மீனுக்கும் ஒரு வாய்ப்புத் தருவதே நியாயம், ஆகவே நரம்பு மெல்லியதாக இருக்கட்டும் என்பது ஒன்று. மீனின் அவதி சீக்கிரம் முடியவேண்டும், ஆகவே நரம்பு தடித்ததாக இருக்கட்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே நல்லெண்ணத்தில் பிறந்தவை. இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்ள முடியாது.

முதல் விடை உருப்பெற்ற இடம் கலிஃபோர்னியாக் கரைக்கு எதிரே உள்ள சான்டா கட்டலினா தீவு. இயற்கையியல் எழுத்தாளரான சார்லஸ் ஃபிரடெரிக் ஹோல்டர் 1880களின் நடுவில் அங்கே போனபோது, ஆவலான் கரையில் ஆட்கள் தடித்த கைக்கயிறுகளை வீசி மஞ்சள்வால் மீன்களை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கயிறு அறுவதற்கு வழியே இல்லை. மாட்டிய மீன் கரைக்கு வந்தே தீரும். தேவைக்கு மேல் பிடிக்கப்பட்ட மீன் வீணாய்ப் போயிற்று. ஹோல்டருக்கு அது வெறும் கொலையாகப் பட்டது. அதைத் தடுக்க அவர் கையில் எடுத்தது நரம்பை. அறுந்துபோகக் கூடிய நரம்பைப் பயன்படுத்துவது என்று பிடிப்பவரே ஒப்புக்கொண்டால், மீன் தப்பிப்பதற்கு ஒரு வழி பிறக்கும். பிடிப்பவரின் திறமைக்கும் ஒரு பொருள் கிடைக்கும்.

1898இல் ஹோல்டர் 183 பவுண்டு எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்றைத் தண்டும் ரீலும் லினன் நரம்பும் கொண்டு பிடித்தார். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் போராட்டத்தில் மீன் படகையே இழுத்துக்கொண்டு போயிற்று. அதே ஆண்டில் ஆவலானில் ‘டூனா கிளப்’ என்ற சங்கம் தொடங்கப்பட்டது. 100 பவுண்டுக்குக் குறையாத சூரையை, 24 இழைக்கு மேற்படாத லினன் நரம்பில், வேறொருவர் கை படாமல் கொண்டுவருபவருக்குச் சங்கம் ஒரு பொத்தான் வழங்கிக் கௌரவித்தது.

இழைக் கணக்கு இங்கே முக்கியமானது. அக்காலத்து லினன் நரம்பு பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. நனைந்த நிலையில் இழை ஒன்றுக்கு 3 பவுண்டு வலிமை என்பது கணக்கு. 24 இழை என்றால் 72 பவுண்டு. லினன் நனைந்தால் வலுவடையும். உப்போடும் ஈரத்தோடும் கிடந்தால் மக்கிப்போகும். அதனால் ஒவ்வொரு நாளும் மீன்பிடி முடிந்ததும் நரம்பு முழுவதையும் ரீலிலிருந்து உருவி, நல்ல தண்ணீரில் அலசி, சட்டத்தில் சுற்றி உலர்த்தவேண்டியிருந்தது. அந்த நரம்பில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எங்கே பிசிறு கிளம்பியிருக்கிறது என்பது அதன் சொந்தக்காரரின் விரல்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளில் 24 இழையும் அதிகம் என்று நினைப்பவர்கள் வந்தார்கள். 9 இழை, அதாவது 27 பவுண்டு நரம்பு, பெருமைக்குரியதாயிற்று. பிறகு ‘த்ரீ-சிக்ஸ்’ என்றொரு வகுப்பு வந்தது: 6 அடித் தண்டு, 6 அவுன்ஸ் எடை, 6 இழை நரம்பு. நரம்பு மெலிய மெலிய மதிப்பு உயர்ந்தது.

இந்த எண்ணம் உலகப் பொதுவிதியாக மாறியது 1939இல். அந்த ஆண்டு நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சர்வதேச விளையாட்டு மீன் சங்கம் தொடங்கப்பட்டது; சுருக்கமாக ஐஜிஎஃப்ஏ. மீனின் எடையை மட்டும் அது பதிவு செய்வதில்லை. எந்த வலிமையுள்ள நரம்பில் பிடிபட்டது என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறது. 2 பவுண்டிலிருந்து 130 பவுண்டு வரை நரம்புகளுக்கு வகுப்புகள் உண்டு. 130க்கு மேற்பட்ட நரம்பில் பிடித்தது கணக்கில் வராது. சாதனை கோருபவர் தம் நரம்பின் ஒரு துண்டையும் அனுப்பவேண்டும். அதை நனைத்து, இழுத்து, அறுத்துப் பார்ப்பார்கள். சொன்ன அளவைத் தாண்டியும் அறாமல் நின்றால், கோரிய வகுப்பில் சாதனை கிடைக்காது. சாதாரண நரம்பு பெரும்பாலும் உறையில் அச்சிட்ட அளவைவிடக் கூடுதலாகவே தாங்கும்; அதனால் இந்தப் போட்டிக்கென்று தனி நரம்பு தயாரிக்கப்படுகிறது. குறிப்பிட்ட இழுவைக்குள் அறுந்துவிடும் என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் நரம்பு அது. உறுதியாக நிற்கும் என்பதற்காக வாங்கவேண்டிய பொருளை அறுந்துவிடும் என்பதற்காக மனிதர் வாங்குகிறார்கள் என்றால், அங்கே வேலை செய்வது ஓர் அறக்கொள்கைதான்.

அந்தக் கொள்கையைத் தத்துவ நோக்கில் புரிந்துகொள்ளத் தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ் உதவுவார். 1978இல் வெளியான ‘தி கிராஸ்ஹாப்பர்’ நூலில் அவர் விளையாட்டுக்கு ஓர் இலக்கணம் தந்தார்: தேவையில்லாத தடைகளைத் தானே விரும்பி ஏற்று, அவற்றைத் தாண்ட முயல்வதே விளையாட்டு. பந்தைக் குழிக்குள் போடுவதுதான் நோக்கம் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். நீண்ட மட்டையால் அடித்துத்தான் போடவேண்டும் என்று ஒப்புக்கொள்வதில் விளையாட்டு பிறக்கிறது. 6 இழை நரம்பு அப்படிப்பட்ட தடை. ஆனால் இந்த இலக்கணத்தில் ‘தானே விரும்பி’ என்றொரு பகுதி இருக்கிறது. மல்யுத்தத்தில் எதிரே நிற்பவரும் விரும்பி வந்தவர். தூண்டிலில் எதிர்த்தரப்பு விரும்பி வரவில்லை. இரை என்று நம்பி வந்தது. அதற்கு விதிகள் தெரியாது. வெற்றி என்பதும் தெரியாது. நரம்பை அறுத்துக்கொண்டு போனால் அது வென்றதாக மனிதர் சொல்லிக்கொள்ளலாம். மீனைப் பொறுத்தவரை அது முள்ளோடு உயிர் தப்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ‘மீனுக்கு நியாயமான வாய்ப்பு’ என்பது மீனோடு செய்துகொண்ட உடன்பாடு அல்ல. பிடிப்பவர் தம் பெருமையைக் காத்துக்கொள்ளத் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

அதனால் அது பயனற்றது என்று ஆகாது. விலங்குகளிடம் கொடுமையாக நடப்பவன் மனிதரிடமும் கடினமாகிவிடுவான் என்று கான்ட் கருதினார்; விலங்குகளுக்குச் செய்யவேண்டிய கடமை, சுற்றி வந்து மனிதகுலத்துக்குச் செய்யும் கடமையாகவே அவர் கணக்கில் நிற்கும். ஹோல்டரின் நரம்பு இந்த வகைக் கடமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. கைக்கயிற்றைக் கீழே வைத்தவர்கள் குறைவாகக் கொன்றார்கள். கடலில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும் உரிமை தமக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இந்த அடக்கத்தை மதிக்காமல் இருக்க முடியாது. ஆயினும் ஜெரமி பெந்தாம் 1789இலேயே வேறொரு கேள்வியைக் கேட்டுவிட்டார். விலங்குகளுக்கு அறிவு உண்டா, பேச்சு உண்டா என்பதல்ல. அவை துன்பப்படுமா என்பதே கேட்கவேண்டியது என்றார். அந்தக் கேள்வியை எழுப்பியவுடன் நரம்பின் மறுமுனையைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

மறுமுனையில் நடப்பது இது. ரீலில் பிரேக் போன்ற ஓர் அமைப்பு உண்டு; மீன் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும். நரம்பு தாங்கும் வலிமையில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இந்தப் பிரேக்கை வைப்பது வழக்கம். 80 பவுண்டு நரம்பு என்றால் 20 பவுண்டுக்கு மேல் வைத்து இழுக்கலாம். 12 பவுண்டு நரம்பு என்றால் 3 அல்லது 4 பவுண்டுதான். நூறு பவுண்டு மீனுக்கு அந்த 4 பவுண்டு ஒரு பொருட்டே அல்ல. அது ஓடிக்கொண்டே இருக்கும். ஓட ஓட ரீலில் சுற்றிய நரம்பு குறையும். சுற்றின் விட்டம் பாதியானால், பிரேக்கைத் தொடாமலே இழுவை இரட்டிப்பாகும். கூடவே, தண்ணீருக்குள் வளைந்து கிடக்கும் நீண்ட நரம்பைக் கடல் தன் பங்குக்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்து மெல்லிய நரம்பை அறுத்துவிடும் என்பதால் பிடிப்பவர் பிரேக்கை இன்னும் தளர்த்தவேண்டும். தளர்த்தினால் மீன் இன்னும் ஓடும். 20 நிமிடத்தில் முடியக்கூடியது பல மணி நேரம் நீள்வது இப்படித்தான்.

அந்த நேரமெல்லாம் மீன் தன் வேகத்துக்கான வெள்ளைத் தசையைப் பயன்படுத்துகிறது. அந்தத் தசை குறுகிய பாய்ச்சலுக்கானது; ஆக்ஸிஜன் போதாமலே இயங்கும். சேர்த்து வைத்த சக்தி தீர்ந்து, லாக்டேட் பெருகி, இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. பழைய நிலைக்குத் திரும்ப மணிக்கணக்கில் ஆகும். வெதுவெதுப்பான கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைவு. அங்கே மீட்சி இன்னும் கடினம். ஃபுளோரிடாவின் போகா கிராண்டே நீர்வழியில் தூண்டிலில் மாட்டிய டார்பன் மீன்களைக் கொம்பன் சுறாக்கள் தொடர்ந்து வந்து தாக்குவது படகோட்டிகள் நன்கறிந்த காட்சி. களைத்த மீன் சுறாவுக்கு எளிய இரை. நரம்பு எத்தனை நேரம் இழுத்ததோ அத்தனை நேரமும் அந்த மீனின் தப்பும் திறனிலிருந்து கழிக்கப்படுகிறது.

மீனுக்கு இது வலிக்கிறதா என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. ஜேம்ஸ் ரோஸ் 2002இல், வலியை உணர்வுபூர்வமாக அனுபவிக்கத் தேவையான பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லை என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே லின் ஸ்னெடன் தலைமையிலான குழு வானவில் டிரவுட் மீனின் தலையில் வலி தரும் தூண்டல்களை உணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டியது. உதட்டில் தேனீ நஞ்சோ அசிட்டிக் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் பக்கவாட்டில் ஆடின. அமிலம் பெற்றவை உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன. வெகுநேரம் இரை எடுக்கவில்லை. இது வெறும் அனிச்சைச் செயலா, உள்ளிருந்து படும் வேதனையா என்ற வாதம் இன்னும் தொடர்கிறது. ஆனால் நரம்பைத் தேர்பவர் அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வலி உண்டு என்று வைத்துக்கொண்டு தடித்த நரம்பை எடுத்தவர், பின்னால் அது தவறு என்று தெரியவந்தால், கொஞ்சம் சவாலை மட்டுமே இழந்திருப்பார். வலி இல்லை என்று வைத்துக்கொண்டு மெல்லியதை எடுத்தவர் தவறியிருந்தால், ஓர் உயிரை வீம்புக்காக மணிக்கணக்கில் வதைத்திருப்பார். இரண்டு தவறுகளும் ஒரே எடை உள்ளவை அல்ல.

ஹோல்டர் காலத்தில் பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவருவதே வழக்கம். இன்று விளையாட்டுத் தூண்டிலில் பிடிபடும் மீனில் பெரும்பகுதி திரும்பக் கடலில் விடப்படுகிறது. இந்த வழக்கம் கேள்வியை எளிதாக்கவில்லை, இன்னும் சிக்கலாக்கிவிட்டது. ஃபுளோரிடா மாநிலம் 2013இல் டார்பனைப் பிடித்தால் விட்டுவிடவேண்டும் என்று விதித்தது. 40 அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கவும் கூடாது. சுவிட்சர்லாந்தில் நேர் எதிரான விதி. விடும் எண்ணத்தோடே மீன்பிடிப்பது அங்கே 2009 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. சாப்பிடுவதற்காகப் பிடிக்கலாம், விளையாடிவிட்டு விடுவதற்காகப் பிடிக்கக்கூடாது. ஜெர்மனியின் விலங்குநலச் சட்டமும் முதுகெலும்புள்ள உயிருக்குத் தீங்கிழைக்கத் தக்க காரணம் கேட்கிறது. வெறும் பொழுதுபோக்கு அந்தக் காரணமாவது கடினம். ஃபுளோரிடா மீன் இனத்தைப் பார்க்கிறது. சுவிட்சர்லாந்து மாட்டிய அந்த ஒரு மீனைப் பார்க்கிறது. ஸ்பானியத் தத்துவவாதி ஒர்டேகா இ காசெட் 1942இல் வேட்டையைப் பற்றி எழுதியபோது, வேட்டைக்காரன் கொல்வதற்காக வேட்டையாடுவதில்லை என்றாலும், கொலையின் சாத்தியத்தை நீக்கிவிட்ட வேட்டை பொய்யானது என்று வாதிட்டார். அவர் கணக்கில் விட்டுவிடுவதற்காகவே பிடிப்பது வேட்டையின் நகல்.

சமண அறநூல்கள் இம்சையை நால்வகையாகப் பிரிக்கின்றன: மனமறிந்து செய்வது, வீட்டு வேலைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தார் முற்றிலும் நீக்கவேண்டியது முதலாவதை. மீன்பிடித் தொழிலைச் சமணம் ஏற்பதில்லை. ஆனால் அதன் பகுப்பு ஒன்றைத் தெளிவாக்குகிறது. பிழைப்புக்கு நேரும் தீங்கும் விரும்பிச் செய்யும் தீங்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. விடுவிப்பதன் மதிப்பை அளக்க இன்னொரு பழைய சான்று உண்டு. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார் தம் வலையில் படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார் என்கிறது பெரியபுராணம். நாள்தோறும் ஒரே ஒரு மீன் மட்டும் கிடைத்து, சுற்றம் பசியில் வாடிய காலத்திலும் அதையும் விட்டார். பொன்மீன் அகப்பட்டபோதும் விட்டார். அந்த விடுதலில் விடுகிறவர் ஏதோ ஒன்றை இழக்கிறார். படம் எடுத்துக்கொண்டு, எடையைக் குறித்துக்கொண்டு விடுபவர் வேண்டியதைப் பெற்ற பிறகே விடுகிறார். பின்னது தவறு என்பதல்ல. ஆனால் அதைக் கருணை என்று சொல்லவேண்டுமானால், மீன் திரும்பி நீந்தக்கூடிய நிலையில் விடப்படவேண்டும். அந்த நிலை, மீன் மாட்டிய முதல் நிமிடத்திலிருந்து நரம்பின் கையில் இருக்கிறது.

இன்றைய நரம்புப் பொருள்கள் மூன்று. டுபான்ட் நிறுவனம் 1938இல் அறிவித்த நைலான், லினனை ஓரங்கட்டியது. மக்காது, உலர்த்தவேண்டாம், நன்றாக நீளும். அந்த நீட்சி மீனின் திடீர்ப் பாய்ச்சலை வாங்கிக்கொள்வதால் முள் வாயைக் கிழிப்பது குறைகிறது. மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு 1990களில் பரவியது. அதே பருமனில் நைலானைவிடப் பலமடங்கு வலிமை. நீட்சி மிகக் குறைவு. மெல்லியதாகவும் வலியதாகவும் ஒரே நரம்பு இருக்க முடியும் என்பதால் பழைய பிணக்கில் ஒரு பாதியை இது தீர்த்துவிடுகிறது: நீரின் இழுவை குறைகிறது, மீனைச் சீக்கிரம் கொண்டுவரலாம். ஆனால் நீட்சி இல்லாததால் பிரேக் கடினமாக இருந்தால் வாய் கிழியும். பாறையில் உரசினால் சட்டென்று அறுந்துபோகும். அதனால் முள்ளுக்கு அருகில் சில அடி நைலானோ ஃபுளோரோகார்பனோ கட்டுகிறார்கள். ஃபுளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.42, நீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கும் மேல். ஆகவே நீருக்குள் அது நைலானைவிடக் குறைவாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நரம்பு வஞ்சகமல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. முள்ளை இரைக்குள் மறைத்த பிறகு நரம்பை மறைப்பதில் புதிய வஞ்சகம் எதுவும் சேர்வதில்லை.

ஆகவே உண்பதற்காகப் பிடிப்பவர் மீனை விரைவாகக் கொண்டுவந்து உடனே கொல்லக்கூடிய நரம்பை எடுக்கவேண்டும். விடுவதற்காகப் பிடிப்பவருக்கு இன்னும் கண்டிப்பான விதி: எதிர்பார்க்கும் மீனுக்குத் தேவையானதைவிட ஒரு வகுப்பு கூடுதலான நரம்பு. 2 பவுண்டு, 4 பவுண்டு நரம்புகளில் பெரிய மீனைப் பிடித்துப் பெயர் வாங்குவது திறமைதான், ஐயமில்லை. ஆனால் அந்தத் திறமைக்கு விலை கொடுப்பது மீன். புகழ் போய்ச் சேர்வது மனிதருக்கு. அதை நியாயமான போட்டி என்று சொல்லக்கூடாது.

அறுந்த நரம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. மெல்லிய நரம்பு தரும் ‘வாய்ப்பு’ என்பது பெரும்பாலும் வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் நரம்போடும் மீன் தப்பிப்பதுதான். எஃகு முள் காலப்போக்கில் துருப்பிடித்து உதிரலாம். துருப்பிடிக்காத எஃகில் செய்தது அவ்வளவு எளிதில் போகாது. அறுந்த லினன் மக்கிவிடும்; நைலான் கடலில் வெகுகாலம் கிடக்கும்; கூழைக்கடாவின் சிறகிலும் ஆமையின் துடுப்பிலும் சுற்றிக்கொள்ளும். முள்ளை எடுக்க முடியாதபோது நரம்பை முள்ளுக்கு மிக அருகில் நறுக்கவேண்டும். அறுந்த துண்டைக் கடலில் விடாமல் சுருட்டிக் கரைக்குக் கொண்டுவரவேண்டும். ஃபுளோரிடாவின் படகுத்துறைகளில் பழைய நரம்பைப் போடுவதற்கென்றே பிளாஸ்டிக் குழாய்களால் செய்த பெட்டிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அதில் சேரும் நைலான் தங்கூசி உருக்கப்பட்டு வேறு பொருளாகிறது.